ஏலக்காய் ஸ்டோரில் அயிலை மீன்

என் முகத்தைப் பார்த்து ஏழு பெண்கள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதை நான் எங்கேயும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. அந்த ஏழு பேரும் லேசுப்பட்ட ஆட்கள் கிடையாது. யானை நடமாடும் பாதையில் தகரத்தைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். காலில் ஏறிய அட்டையை, பேசுகிற பேச்சை நிறுத்தாமலே பிய்த்து எறிகிறவர்கள். அவர்கள்தான் என்னைப் பார்த்து ஓடினார்கள். (மேக்கப் எதுவும் போட்டிருக்கவில்லை. சொல்லப்போனால் முகமே கழுவியிருக்கவில்லை.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மதுரையில் ஊட்டச்சத்துப் படிப்பை முடித்துவிட்டு, ராசிங்காபுரத்து வீட்டில் வேலைக்காகக் காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் வீட்டில் இருந்த எல்லாருடைய தட்டையும் ஆராய்ந்தேன். அப்பா மூன்றாவது இட்லியைத் தொட்டால் மாவுச்சத்து என்பேன். அம்மா அப்பளத்தை எடுத்தால் உப்பு என்பேன். கடைசியில் அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்.

அக்கா ஈஸ்வரியைப் போடியில் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சானுக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. காய் எடுக்கிற மாதங்களில் குடும்பமே மலையில் போய்த் தங்கிவிடும். அந்த வருஷம் அக்காவுக்கு ஐந்தாவது மாதம். ரத்தம் குறைவாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கோ எதுவும் இறங்கவில்லை. ஒருநாள் போனில் அழுதேவிட்டாள்.

"மீன் கொழம்புடி வாணி. வேற ஒண்ணும் வேணாம். கனவுலயும் அதான் வருது. உருண்டையப் புடிச்சு வாய்க்குக் கொண்டு போறேன், முழிச்சிர்றேன்."

"மச்சானை வாங்கிக் கொண்டாரச் சொல்ல வேண்டியதுதான?"

"அத்தை விட மாட்டேங்குறாங்க. காய் முடியுற வரைக்கும் இங்க மீனே கூடாதுன்னுட்டாங்க."

அத்தை என்றால் அக்காவின் மாமியார். காய்க்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டிய இடம் இது. கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்காமலே எல்லாம் தெரியுமே! தீட்டு, கவிச்சி, மலைச்சாமி கோபம் என்று ஏதோ ஒரு மூடநம்பிக்கை; அதற்காக வாயும் வயிறுமாக இருக்கிறவளைப் பட்டினி போடுகிறார் ஒரு மாமியார். முடிவு கட்டிவிட்டேன். அக்காவுக்கு மீன் கிடைத்தே ஆக வேண்டும். அதற்கு அத்தையின் கண்ணைத் திறந்தாக வேண்டும்.

இரண்டு நாள் உட்கார்ந்து ஓர் அட்டை தயாரித்தேன். "உண்ணத்தக்க கடல் மீன்களின் ஊட்டச்சத்துக் கூறுகள்" என்று தலைப்பு. மீனில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர், ஐந்தில் ஒரு பங்கு புரதம், மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு. பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் நல்லது. நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்து. போதாததற்கு அயோடின், பி12, வைட்டமின் டி. கர்ப்பிணிகள் பெரிய சுறாவைத் தவிர்க்கவும் என்று சிவப்பு மையில் ஓர் எச்சரிக்கை. (போடிமெட்டில் பெரிய சுறாவுக்கு எங்கே போவார்கள் என்று நான் யோசிக்கவில்லை.) இதைக் காய் எடுக்கிற பெண்களைக் கூட்டிவைத்து, நிஜ மீன்களைக் காட்டி விளக்குவது; ஊர் மெச்சிய பிறகு அத்தையால் மறுக்க முடியாது என்பது திட்டம்.

போடி மார்க்கெட்டில் அயிலை, மத்தி, நெத்திலி மூன்றும் வாங்கினேன். அவை கடலைப் பிரிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கவில்லை. கடைக்காரர் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டிக்கொடுத்தார்.

மலைக்குப் போகிற ஜீப்பில் பெட்டியை ஏற்றியபோது, டிரைவர் கருப்பையா அண்ணன் கேட்டார்.

"என்னத்தா பொட்டியில?"

"மீனுண்ணே."

பின்னால் உட்கார்ந்திருந்த தோட்டத்து ஆட்களின் பேச்சு நின்றது. அண்ணன் இறங்கி, எதிர்க் கடை அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இத உள்ள போட்டு வையி. கறி, மீனு கொண்டுக்கிட்டு மலையேறுனா பின்னாலயே வரும்."

"எது வரும்?"

"வர்றது வரும்."

நான் அவருக்குச் சிரித்துக்கொண்டே விளக்கினேன். மீனில் இருப்பது தண்ணீர், புரதம், கொழுப்பு, தாதுக்கள். பேய்க்குத் தேவையான சத்து எதுவும் அதில் கண்டுபிடிக்கப்படவில்லை என்றேன். சொல்லிவிட்டுக் கரித்துண்டை எல்லாரும் பார்க்க ரோட்டோரம் எறிந்தேன். பின்னால் இருந்த அத்தனை பேரும் இறங்கி அடுத்த ஜீப்புக்குப் போய்விட்டார்கள். காலியான பின்சீட்டுக்கு நடுவில் என் பெட்டி மட்டும் இருந்தது.

அடிவாரத்து முந்தல் தாண்டி ஏற ஆரம்பித்ததும் மஞ்சு, அதாவது மலை மூடுபனி, இறங்கிவிட்டது. மத்தியானம் பன்னிரண்டு மணிதான். ஆனால் ஜீப்பின் மூக்குக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அண்ணன் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து நானும் பார்த்தேன். மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ அந்தச் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

யாரோ பெட்டியை உள்ளிருந்து விரலால் தட்டுவது போல இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். சத்தம் நின்றது. அடுத்த வளைவில் மறுபடி, டொக்.

மேலே ஓரிடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டார். ஒரு வீடோ கடையோ இல்லாத இடம். சுற்றிலும் வெள்ளை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். அண்ணன் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தார்.

"யாருண்ணே வர்றா?"

அண்ணன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

"யாருக்காக நிக்கிறோம்?"

"ஏறுறதுன்னா ஏறட்டும், எறங்குறதுன்னா எறங்கட்டும். ஓடுற வண்டியில ஏறி எறங்கக் கூடாதுல்ல."

பின்னால் எதுவோ அசைந்து வண்டி லேசாகக் குலுங்கியது. (இன்ஜின் குலுக்கல்தான். பெட்டிக்குள் தட்டியது உருகிய ஐஸில் உருண்ட மீன்கள்தான். இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது.) அன்றைக்கு நான் செய்ததெல்லாம், அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல் மிச்ச வளைவுகளை எண்ணியதுதான்.

தோட்டத்து வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தார். நெட்டையான, அளந்து பேசுகிற மனுஷி. அன்று அவருக்குக் கடுமையான சளி. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வா ஆத்தா. அது என்ன பொட்டி?"

"படிப்புச் சாமான் அத்தை. சாயங்காலம் எல்லாருக்கும் ஒண்ணு காட்டப் போறேன்."

"காட்டு, காட்டு. ஈஸ்வரி இப்பத்தான் கண்ணசந்தா, எழுப்பிராத" என்று சொல்லிவிட்டு, காய் எடுக்கிற இடத்துக்குப் போய்விட்டார். மச்சானும் அங்கேதான் இருந்தார்.

பெட்டியின் மூலையில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்திருந்தது. குளிர்ச்சியான இடம் வேண்டும், பூனை வராத இடம் வேண்டும். வீட்டை ஒட்டியே இருந்தது ஸ்டோர். ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்துகிற கூடம். தடித்த சுவர், ஜன்னலே கிடையாது, ஒரே ஒரு மரக்கதவு. உள்ளே சுவரோரம் அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள். அடுப்பணைத்து ஒரு நாள் ஆகியிருந்ததால் உள்ளே ஜில்லென்று இருந்தது. உலர்ந்த காயை நடுவில் படுதா விரித்துக் குவித்து வைத்திருந்தார்கள். அந்த வாசனையில் நின்று இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

காலித் தட்டு ஒன்றில் மீன்களை வரிசையாகப் படுக்கவைத்து, தலைமாட்டில் "புரதம்", "ஒமேகா-3", "சுண்ணாம்பு" என்று சீட்டு வைத்தேன். பார்க்க ஏதோ விபத்துக்குப் பிறகு பிணங்களை அடையாளம் காட்ட வைத்திருப்பது போல இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து சோறு சாப்பிட்டேன்.

நாலு மணிக்குக் கரண்டு போய்விட்டது. பெண்கள் காயை எடை போட வந்துகொண்டிருந்தார்கள். நான் செல்போன் டார்ச்சோடு ஸ்டோருக்குள் போய், வழுக்கிக் கிடந்த மீன்களைக் கையால் தள்ளி நேராக்கினேன். மூக்கு அரித்தது, தேய்த்துக்கொண்டேன். கன்னத்தில் கூந்தல் விழுந்தது, ஒதுக்கிவிட்டேன். வெளியே தொட்டித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்ததால், கையைத் துப்பட்டாவில் துடைத்ததோடு சரி.

"எல்லாரும் ஸ்டோருக்கு வாங்க, ஒரு அதிசயம் காட்டுறேன்" என்று கூப்பிட்டேன். ஏழு பேர் வந்தார்கள். கடைசியாக வந்த பேச்சியம்மா, பழக்கதோஷத்தில் கதவை இழுத்துச் சாத்தினார்.

"மஞ்சு உள்ள வந்தா காயி நமுத்துப் போகும்ல."

கும்மிருட்டு. டார்ச்சைப் போட்டேன்; சார்ஜ் தீர்ந்து, செல்போன் ஒரு தடவை மினுங்கிவிட்டு அணைந்தது. "இந்தா கரண்டு வந்துரும், அப்படியே உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்கள். கூரைத் தகரத்தில் தண்ணீர் சொட்டியது. பிறகு ஒரு குரல், ரகசியமாக.

"ஏக்கா, என்னமோ கவிச்சி அடிக்கல?"

"மீனுடி. மீனு நாத்தம்."

"ஸ்டோருக்குள்ள யாரு மீனு கொண்டாரப் போறா? புத்தியுள்ளவ கொண்டாருவாளா?"

"அப்ப நாத்தம் எங்கருந்து வருது?"

இந்தக் கேள்விக்கு அவர்களுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான் இருந்தது. மனுஷர் யாரும் ஏலக்காய் ஸ்டோருக்குள் மீன் கொண்டுவர மாட்டார்கள். ஆகவே கொண்டுவந்தது மனுஷர் இல்லை. எல்லாரும் நெருங்கி உட்காருகிற சத்தம் கேட்டது.

கூட்டம் கலைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அக்காவின் சாப்பாடு இதில்தான் இருக்கிறது என்று நினைத்து, இருட்டிலேயே பேச்சைத் தொடங்கிவிட்டேன். அட்டையில் எழுதியது மனப்பாடமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, கல்லூரியில் கற்றுக்கொடுத்தபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"நூறு கிராமில்... இருபது கிராம் புரதம். ஒமேகா மூன்று. பி பன்னிரண்டு. செலினியம். அயோடின்."

"யாத்தே" என்றார் பேச்சியம்மா. "மந்திரம் சொல்லுதுடி."

அதற்குள் கண் இருட்டுக்குப் பழகியிருந்தது. எனக்கு முன்னால், இடுப்பு உயரத்தில், ஏதோ தெரிந்தது. முதலில் கண் கூசுகிறது என்று நினைத்தேன். பிறகு அது மங்காமல் அப்படியே இருந்தது. நீலமும் பச்சையும் கலந்த ஒரு வெளிச்சம். சூடே இல்லாத வெளிச்சம். நீளநீளமாக, வரிசையாக, ஒவ்வொன்றிலும் கண் இருந்த இடம் மட்டும் கறுப்பாக. என் மீன்கள் எரிந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல், புகையில்லாமல்.

தட்டைக் காட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன். இருட்டில் ஐந்து நீல விரல்கள் என் முன்னால் எழுந்தன. அவை என் விரல்கள் என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. உதவிக்காகப் பெண்கள் பக்கம் திரும்பினேன்.

அவர்கள் பார்த்தது என்ன என்று பிற்பாடு பேச்சியம்மா சொல்லித்தான் தெரியும். உடம்பே இல்லாமல், அந்தரத்தில் ஒரு மூக்கு. பக்கத்தில் ஒரு கன்னத்தில் நாலு விரல் தடம். கீழே தனியாக ஆடுகிற ஒரு கை. எல்லாம் நீலமாக எரிந்துகொண்டு அவர்களை நோக்கி வந்தன.

"கொள்ளிவாய்!"

ஏழு பேரும் ஒரே கதவில் பாய்ந்தார்கள். எனக்குப் பின்னால் ஏதோ நிற்கிறது, அதைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள் என்று நினைத்து நானும் அவர்கள் பின்னாலேயே ஓடினேன். அவர்களுக்கோ, பேய் விடாமல் துரத்துவதாகத் தோன்றியது. ஒருத்தி கூடையை என் மேல் எறிந்தாள். நான் பின்வாங்கி, தட்டிலும் பக்கத்தில் இருந்த பெட்டியிலும் மோதி, மீன், ஐஸ் தண்ணீர், சீட்டுகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஏலக்காய்க் குவியலின் மேல் மல்லாக்க விழுந்தேன். என்னைச் சுற்றிலும் நீல மீன்கள் காய்க்குள் புதைந்து மினுங்கின. கதவு படாரென்று வெளிப்பக்கம் சாத்திக்கொண்டது. அந்த ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று வருஷப் படிப்பும் இரண்டு வருஷ மேல்படிப்பும் என்னை விட்டுப் போய்விட்டன. கருப்பையா அண்ணன் எதை ஏற்றிக்கொண்டு வந்தாரோ, அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். வாய்விட்டு, அழுதுகொண்டே கேட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு அரிக்கேன் விளக்கோடு வந்தது அத்தை. பின்னால் மச்சானும், தூக்கக் கலக்கத்தில் அக்காவும். விளக்கு வந்ததும் நீலம் போய்விட்டது. வெறும் மீன்கள். வெறும் நான்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்தார், காயைப் பார்த்தார். குனிந்து ஒரு கை காயை அள்ளி, அடைத்த மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, மச்சானிடம் நீட்டினார். மச்சான் முகர்ந்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. பேயைப் பார்த்து ஓடியவர்கள் முகத்தைக்கூட நான் மறந்துவிடுவேன். அந்த முகத்தை மறக்க மாட்டேன்.

அடுப்படியில் உட்காரவைத்து, சுடுதண்ணீரில் என் முகத்தைக் கழுவிவிட்டபடிதான் அத்தை பேசினார்.

"காயி பக்கத்துல எது இருந்தாலும் அதோட வாடைய இழுத்து வச்சுக்கும் ஆத்தா. அடுப்படிக்கும் ஸ்டோருக்கும் நடுவுல ஒத்தச் செவருதான். அதான் காய் முடியுற வரைக்கும் இங்க மீனு, கருவாடு எதையும் சேர்க்குறதில்ல. நானும்தான் திங்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்தக் காயை நாளைக்கு மூட்டை கட்டிட்டு, வெள்ளிக்கெழம ஈஸ்வரியப் போடி வீட்டுக்குக் கூட்டிப் போயி, பத்து நாளு கூடவே இருந்து மீனா ஆக்கிப் போடணும்னு இருந்தேன். அவகிட்டச் சொன்னா நாளை எண்ணிக்கிட்டே கெடப்பான்னு சொல்லல." துண்டால் என் முகத்தைத் துடைத்தார். "மீனு ஏன் கூடாதுன்னு நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஐந்து வருஷம் படித்ததில், கேட்பது என்ற ஒன்றை மட்டும் யாரும் எனக்குப் பாடமாக வைக்கவில்லை. வைத்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன். இருட்டில் மீன் ஒளிர்வது பற்றி என் புத்தகத்திலேயே ஒரு பத்தி இருந்தது. கடலிலிருந்தே மீனோடு வருகிற ஒருவகை நுண்ணுயிரி, ஐஸில் இருக்கும்போது தோலில் பெருகி அப்படி ஒளிருமாம். தேர்வில் வராது என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

அத்தை அந்த மீன்களில் ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத வயித்துப் புள்ளக்காரிக்குக் குடுக்கவா மலையேறி வந்த?" என்று குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். இனிக் காப்பாற்ற அந்தக் காய் இல்லை என்பதால், மறுநாள் காலையிலேயே அத்தை அக்காவைக் கருப்பையா அண்ணன் ஜீப்பில் ஏற்றிப் போடிக்குக் கூட்டிப்போனார். அன்று மத்தியானமே அக்காவுக்கு மீன் குழம்பு கிடைத்தது. கனவு மாதிரி இல்லை, நிஜமாகவே உருண்டை வாய்க்குள் போனது என்று போனில் சொன்னாள். நான் மலையிலேயே இருந்து, பேச்சியம்மாவோடு சேர்ந்து மூன்று நாள் ஸ்டோரைக் கழுவினேன். பேச்சியம்மா கடைசி வரை என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார்.

அந்தக் காய் விற்கவில்லை. மச்சான் கொண்டுபோன மாதிரியை வாயில் போட்ட வியாபாரி, மெல்லுவதை நிறுத்திவிட்டு, "காயி கடல்ல வெளஞ்சதாண்ணே?" என்று கேட்டாராம். தூக்கி எறிய மனசில்லாமல் மூட்டையோடு வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அக்காவின் மகளுக்குப் பேர் வைக்கிற அன்று, அதைத்தான் தட்டிப் பாயசத்தில் போட்டிருக்கிறார்கள். சொந்தபந்தம் எல்லாம் பந்தியில் ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார்.

"ஈஸ்வரி, இதுல முள்ளு எடுத்தாச்சாம்மா?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் பாயசம் ஊற்றினாலும், எவராவது ஒருவர் "முள்ளு பாத்துக் குடிங்கப்பா" என்று சொல்லாமல் இருந்ததில்லை. கரண்டு போனால் அக்கா மகள் ஓடிவந்து, என் கையை முகத்தருகே தூக்கி வைத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பாள். அத்தை மட்டும் இந்தக் கேலி எதிலும் சேர்ந்ததில்லை. அவருக்கு என் மேல் இன்னும் வருத்தம் தீரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் எனக்கு ஐந்தாவது மாதம். ஒன்றும் இறங்காமல் படுத்தே கிடந்தேன். ஒருநாள் காலையில் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் தூக்குவாளியோடு அத்தை இறங்கினார். வயதாகிவிட்டது, முழங்கால் மடங்காது. அத்தனை வளைவும் இறங்கி வந்திருக்கிறார். ஒன்றில் மீன் குழம்பு. முதல் நாளே போடிக்கு இறங்கி வந்து, விடிகாலையில் ஆக்கியதாம். உருண்டை பிடித்து அவரே ஊட்டிவிட்டார். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இன்னொன்றைத் திறந்தார். பாயசம். டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சிரிப்பே இல்லாத அந்த முகத்தோடு என் தலையைத் தடவிச் சொன்னார்:

"முள்ளு பாத்துக் குடி ஆத்தா."